கழற்றி மாட்டும் வின்ச்சும் கரைவலைக்காரரின் கவலையும்

மீன்பிடியைப் பற்றி நமது பத்திரிகைகள் எழுதியவற்றை ஒன்று திரட்டினால் ஒரு பெரிய கட்டு வரும். படகு கொடுத்தார்கள், இயந்திரம் கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள், மண்ணெண்ணெய் விலை கூடியது, மீன் விலை குறைந்தது. அந்தக் கட்டில் கணிசமான பகுதியை எழுதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். கடலின் கடைசி அலைக்கும் படகு பத்திரமாக உறங்கும் மணலுக்கும் இடையிலுள்ள பதினைந்து இருபது மீற்றர் தூரத்தைப் பற்றி அதில் அநேகமாக எதுவும் இராது. அறுபது வயதைத் தொட்ட ஒருவர் தொடர்ந்து கடலுக்குப் போவதா, வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருப்பதா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது அந்தச் சிறு தூரந்தான்.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழகத்திலும் இருந்து இதை வாசிப்போருக்காக ஊரின் அமைப்பைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே வயலும் காடுமான படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய நாடா போன்ற எழுவான்கரை. வாவியில் தொழில் செய்பவருக்குத் தோணியை ஒரு கம்பில் கட்டிவிட்டுப் போகலாம். நீர் அதைத் தொந்தரவு செய்யாது. கடலில் தொழில் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்தால், பாலமீன்மடு, நாவலடி, கல்லடி தொடங்கிக் களுவாஞ்சிகுடி, கல்லாறு வரை சிறு படகுகளின் துறைமுகம் என்பது வெறும் மணல்தான். படகை மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று முற்றினால் இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

முன்னர் இருந்த சிறு மரக்கலங்களை நாலைந்து பேர் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கரைக்கு வந்து எல்லாவற்றையும் உடைத்துப்போட்ட பின்னர், உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளை வாரி வழங்கின. சில இடங்களில் தேவைக்கு மேலாகவே வந்தன, தரங்குறைந்தவையும் வந்தன. இவை அப்போதே எழுதப்பட்ட விடயங்கள். படகைக் கொடுத்தவர்கள் அதைக் கரையேற்றுவது யார் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகின் உடல், வெளியிணைப்பு இயந்திரம், எரிபொருள், நனைந்த வலை, மீன் எல்லாம் சேர்ந்து 800 கிலோ என்று கொள்வோம். எட்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் மணற்சரிவு. சரிவுக்காக மட்டும் 100 கிலோ பலம் வேண்டும். மணலின் உராய்வு, படகின் எடையில் பாதி என்று வைத்தால் இன்னும் 400. ஆக, சுமார் 500 கிலோ இழுவிசை. அசையாமல் புதைந்து நிற்கும் படகை முதலில் கிளப்புவதற்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். மணலில் கால் புதைய நின்று ஒரு மனிதன் தொடர்ந்து கொடுக்கக்கூடிய இழுப்பு 40, 50 கிலோவுக்கு மேல் போகாது. பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். அடியில் உருளைக் கட்டை வைத்தால் ஆட்களைப் பாதியாகக் குறைக்கலாம்.

அந்தப் பன்னிரண்டு பேர் இப்போது எங்கே? சிலர் கட்டாரில், சிலர் கொழும்பில் கட்டட வேலையில். கரையில் நிற்பவர்களிற் பலர் தந்தையரும் பாட்டன்மாரும். காலை ஏழு மணிக்கு வந்து சேரும் படகு, அடுத்த படகின் ஆட்கள் வந்து கைகொடுக்கும் வரை அலையில் அடிபட்டுக்கொண்டு கிடப்பதை எவரும் போய்ப் பார்க்கலாம்.

இதற்கு உலகம் கண்டுபிடித்த விடை வின்ச். கயிற்றை ஓர் உருளையிற் சுற்றிப் பாரத்தை இழுக்கும் பொறி. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊர் உண்டு. துறைமுகம் இல்லாமல், கூழாங்கற் கரையிலிருந்தே படகுகளைக் கடலில் இறக்கி ஏற்றும் தொழில் அங்கு நூற்றாண்டுகளாக நடக்கிறது. ஒரு காலத்தில் குதிரையைச் செக்குமாடு போலச் சுற்றவிட்டுக் கயிறிழுத்தார்கள். பின்னர் கரையில் சிறு குடில்கள் கட்டி அவற்றினுள் வின்ச்சுகளைப் பொருத்தினார்கள். இலண்டன் வாசகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம். சென்னைக் கரையோரத்தில் உழவு இயந்திரத்தைக் கொண்டே பைபர் படகுகளைத் தள்ளி ஏற்றுகிறார்கள்.

ஹேஸ்டிங்ஸ் முறையை அப்படியே நமது கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கொங்கிறீற் போட்டு, தூண் நட்டு, குடில் கட்டி, வின்ச்சைப் பூட்டிவிடலாம் என்பார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. முதலாவது, நமது கரை நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு மாரிக்குள் சில மீற்றர் மணலை அள்ளிக்கொண்டு போய், அடுத்த ஆண்டு வேறோரிடத்தில் கொட்டும் கடல் இது. இன்று கரையில் நடும் தூண் இரண்டு வருடத்தில் அலைக்குள் நிற்கக்கூடும். இரண்டாவது, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். அதனுள் கட்டுமானம் செய்ய அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் மேசை மேசையாகப் பயணம் செய்து முடிவதற்குள் படகே உக்கிவிடும்.

மூன்றாவது காரணந்தான் எனக்குப் பெரிது. நிலையாகப் பூட்டிய பொறிக்கு ஓர் எசமான் இருப்பார். அதற்குக் காசு போட்டவர், பெரும்பாலும் மீனை வாங்கும் முதலாளி, அந்தத் துறையின் காவலாளி ஆகிவிடுவார். படகை ஏற்ற ஒரு கட்டணம். கட்டணத்துக்குப் பதிலாக மீனை அவருக்கே விற்கும் கட்டாயம். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கியவர்களின் கதை நமக்குத் தெரியும். அதில் இன்னுமொரு கண்ணியைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஆகவேதான் கழற்றி மாட்டும் வின்ச்சைப் பற்றி எழுதுகிறேன். இதில் விலையுயர்ந்த பகுதி மின்மோட்டார். அதை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனால் காரியத்தை நடத்துவது மோட்டார் அல்ல, அதைத் தாங்கும் இரும்பு. அதை மட்டக்களப்பு நகரிலுள்ள எந்த வெல்டிங் கடையும் செய்து தரும்.

அமைப்பு மிக எளிது. வின்ச்சை ஆறு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இரும்புத் தட்டில் நான்கு ஆணிகளால் முடுக்க வேண்டும். தட்டின் அடியில் இரண்டு அங்குலச் சதுர இரும்புத் தண்டு ஒன்று பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டு நுழையும் அளவுக்கு ஒரு சதுரக் குழாய். அதை உறை என்று சொல்வோம். தண்டை உறைக்குள் செருகி, இரண்டையும் ஊடறுத்து முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த, அதாவது எட்டில் ஐந்து அங்குலக் கடையாணி ஒன்றைப் போட்டால் வின்ச் பூட்டப்பட்டது. உருவினால் கழன்றது. மாட்டுவண்டிச் சக்கரம் அச்சை விட்டு ஓடாமற் காத்த அதே கடையாணிதான். புதிதாக ஒன்றும் இல்லை. தட்டின் இருபக்கமும் கைபிடி வைத்தால் 20 கிலோவுக்குக் கிட்டிய அந்தப் பாரத்தை இரண்டு பேர் சிரமமின்றித் தூக்கிச் செல்லலாம். மாலையில் வாடியிலோ சங்கக் கட்டடத்திலோ பூட்டி வைக்கலாம். கடற்காற்றில் ஒரு மாதம் கிடந்தால் எந்த இரும்பும் கறள் பிடித்துப்போகும் கரை இது. இரவில் கழற்றி நன்னீரால் துடைத்து உள்ளே வைக்கப்படும் மோட்டாரின் ஆயுளும் வெளியே கிடக்கும் மோட்டாரின் ஆயுளும் ஒன்றல்ல.

உறை மலிவு என்பதுதான் இங்கே சூட்சுமம். ஒரு வின்ச்சுக்குப் பத்து உறைகள் இருக்கலாம். ஒன்று, கரையில் புதைத்த நங்கூரத்தில். இன்னொன்று உழவு இயந்திரத்தின் பின்னிணைப்பில். மற்றொன்று படுவான்கரையில் சேற்றில் இறங்கிய வண்டியை மீட்கப் போகும் லேண்ட்மாஸ்டரில். ஆனால் லேண்ட்மாஸ்டர் இலேசானது. அதன் பின்னால் ஒரு மரத்தோடு கட்டாவிட்டால் படகு மேலே வருவதற்குப் பதில் லேண்ட்மாஸ்டர் கடலுக்குப் போகும்.

கரை நங்கூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணில் படும் தென்னையிற் சங்கிலியைச் சுற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தென்னையின் பட்டை உரிந்தால் மரத்துக்குக் கேடு. கரையில் எஞ்சியிருக்கும் மரங்களுக்கு அது வேண்டாம். ஒன்றரை, இரண்டு மீற்றர் நீளமான பழைய தென்னங்குற்றியை, இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு மீற்றர் ஆழத்திற் புதைத்து, அதில் கட்டிய சங்கிலியைச் சாய்வாக மேலே கொண்டுவந்து உறையைப் பிணைத்தால் போதும். மணலின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதற்குச் 'செத்த மனிதன்' என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. நாவலடி மணலில் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. புதைநங்கூரம் என்போம். கரை நகர்ந்தால் தோண்டி எடுத்து வேறிடத்திற் புதைக்கலாம். எந்தத் திணைக்களத்தின் அனுமதிக்காகவும் காத்திருக்கும் கொங்கிறீற் அல்ல அது.

மின்சாரம் 12 வோல்ற் பற்றரியிலிருந்து வருகிறது. இரண்டு தொன் தரத்து வின்ச் முழுப் பாரத்தில் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். வீட்டு விளக்குக்குப் போடும் வயரை இதற்குப் போட்டால் வயர் உருகும். பெருவிரல் தடிப்புள்ள கேபிளும், பிடுங்கிச் செருகும் தடித்த இணைப்பானும் வேண்டும். நான் மேலே போட்ட கணக்கின்படி, 100 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்று, பாதி இறங்குவதற்குள் ஐந்தாறு படகுகளை ஏற்றும். பகலில் ஒரு சூரியத் தகட்டில் அதை மீண்டும் நிரப்பலாம். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக உயர்ந்ததை நமது மீனவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கரையில் செய்யும் வேலைக்காவது எண்ணெய் வேண்டாம் என்பது சிறிய விடயமல்ல.

வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ஆட்கள் 'ஏலேலோ' என்று இரண்டு மூன்று மூச்சில் ஏற்றிவிடும் படகை இந்தப் பொறி ஏழெட்டு நிமிடம் எடுத்துத்தான் ஏற்றும். இடையில் நிறுத்தி மோட்டாரை ஆறவிடவும் வேண்டும். கயிறு உருளையின் முதற் சுற்றில் இருக்கும்போதுதான் பொறிக்கு முழுப் பலம். மேலே மேலே சுற்றச் சுற்றப் பலம் குறையும். போதாதபோது ஒரு கப்பியைப் படகில் மாட்டிக் கயிற்றை மடக்கி எடுத்தால் பலம் ஏறத்தாழ இரட்டிக்கும், வேகம் பாதியாகும். இரண்டே இரண்டு முதியவர்கள் எவரையும் எதிர்பாராமல் செய்யலாம் என்பதுதான் ஆதாயம்.

ஆபத்தும் உண்டு. இழுவையில் நிற்கும் உருக்குக் கம்பி அறுந்தால் சவுக்கைப் போல் திரும்பும். கால் எலும்பை முறிக்கும். நமது கரையில் படகு வந்தால் சிறுவர்கள் கூடுவார்கள். கம்பியைத் தாண்டி ஓடுவது அவர்களுக்கு விளையாட்டு. கம்பியின் நடுவில் ஓர் ஈரச்சாக்கைப் போர்த்தி வைத்தால் அறுந்தாலும் அது தாழ்ந்து விழும். இழுக்கும் வேளையில் கம்பியின் நேரே ஒருவரும் நிற்கலாகாது. செயற்கை இழைக் கயிறு இந்த விதத்தில் நல்லது. ஆனால் வெயிலும் மணலும் அதைத் தின்னும். கடையாணிக்கு மேலதிகமாக ஒரு காப்புச் சங்கிலி போடாமல் எந்த வெல்டிங் கடைக்காரரும் இதைக் கையளிக்கக் கூடாது. பக்கவாட்டில் இழுத்தால் சதுரத் தண்டு முறுகும். படகு நேராக வர வேண்டும்.

இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

இப்படி ஒரு தட்டும் உறையும் செய்துகொண்டிருந்த கடை ஒன்றில், கல்லடிப் பக்கத்தைச் சேர்ந்த கரைவலைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். எழுபதைக் கடந்தவர். பொறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வள்ளத்த இழுக்க மிசின் வரட்டும், நல்லம். மறுகா அது வலைய இழுக்க வந்தா நாங்க எங்க போற?"

அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. கரைவலை என்பது படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து, இரு முனைகளையும் கரையிலிருந்து இழுக்கும் பெருவலை. அதை வளைக்கும் கடற்பரப்புக்குப் பாடு என்று பெயர். பாட்டின் உரிமை சம்மாட்டியிடம் இருக்கும். இழுப்பதற்கு முப்பது நாற்பது பேர். பிடிபட்டதில் அவர்களுக்குப் பங்கு. வேறு தொழில் இல்லாதவர், படகு வாங்க வழியில்லாதவர், வயது போனவர் எல்லோருக்கும் அந்தக் கயிற்றில் ஓர் இடம் இருந்தது. அம்பாப் பாடல்கள் அந்தக் கயிற்றில்தான் பிறந்தன. நமது பல்கலைக்கழகக்காரர்கள் அம்பாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்தவருடைய பங்கைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை என்பது என் குறை. உழவு இயந்திரத்தில் உருளை பூட்டிக் கரைவலை இழுக்கத் தொடங்கியதும் அந்தப் பங்குகள் மறைந்தன. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கற்பிட்டியிலும் இதைப்பற்றி எழுந்த பிணக்குகள் செய்தி வாசிப்போர் அறிந்தவையே. ஒருபுறம் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் சம்மாட்டிகள். மறுபுறம் கடலடியும் குஞ்சு மீனும் அழிகின்றன என்கிறார்கள் சிறு வலைக்காரர். இரண்டிலும் உண்மை உண்டு.

இந்த வாதத்தில் 'வின்ச்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் குழப்புகிறது என்பது என் கருத்து. இரண்டு வகைப் பொறிகளை அந்தச் சொல் மூடி மறைக்கிறது. ஒன்றில், கயிறு உருளையில் சில சுற்றுச் சுற்றி மறுபக்கத்தால் வெளியேறிக்கொண்டே இருக்கும். கயிறு எவ்வளவு நீளமானாலும் அது இழுக்கும். நூற்றுக்கணக்கான மீற்றர் போகும் கரைவலைக் கயிற்றுக்கு வேண்டியது இந்த வகை. மற்றதில், கயிற்றின் ஒரு முனை உருளையோடு பிணைந்திருக்கும். இழுத்த கயிறு முழுவதும் உருளையிலேயே சுருண்டு தங்கும். உருளை கொள்ளும் அளவுக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. சிறு மின்வின்ச்சுகள் இரண்டாம் வகை. பதினைந்து மீற்றர் கயிறு கொண்ட பொறியால் ஒரு படகை மேலேற்றலாம். கரைவலையின் ஒரு மூலையைக்கூட அசைத்து முடிக்க முடியாது. முடிப்பதற்குள் பற்றரி செத்துவிடும்.

ஆகவே, கடற்றொழில் திணைக்களம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வின்ச்சைப் பற்றி என்ன ஒழுங்குவிதி செய்தாலும், பொறியின் பெயரைப் பாராமல் உருளையின் வகையையும் கயிற்றின் நீளத்தையும் பார்க்க வேண்டும். கயிற்றைத் தன்னிலே சுருட்டிக்கொள்ளும், பதினைந்து மீற்றருக்கு மேற்படாத கயிறுள்ள பொறி படகேற்றும் கருவி. அதைத் தடுக்க வேண்டியதில்லை. கயிறு ஊடே ஓடும் உருளை வேறு. அதைப்பற்றிய வாதத்தைத் தனியாக, கரைவலைத் தொழிலாளரையும் அழைத்து நடத்தட்டும். படகை இழுக்கும் முதியவரும் வலையை இழுக்கும் முதியவரும் ஒரே சொல்லுக்காக ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கும் நிலை வரக் கூடாது.

கயிறு பதினைந்து மீற்றர்தான் என்றால் இருபது மீற்றர் தூரத்தை எப்படிக் கடப்பது என்று கேட்கலாம். படகுக்கும் கொக்கிக்கும் இடையே ஒரு நீட்டுக் கயிறு. முதலில் அதோடு இழுத்து, படகின் அடியில் கட்டை போட்டு நிறுத்தி, நீட்டுக் கயிற்றை எடுத்துவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மோட்டாரும் ஆறும்.

யாருடைய கையில் பொறி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் அதை வைத்திருக்க வேண்டும். சங்கங்களின் நிருவாகம் எல்லா இடத்திலும் சிறப்பாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் கணக்குப் புத்தகத்தைக் கண்டவரே இல்லை. என்றாலும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல் பெயர் எழுதி எடுத்து, கழுவித் திருப்பிக் கொடுக்கும் முறைக்கு ஒரு கொப்பியும் ஒரு பூட்டும் போதும். ஒன்றை மட்டும் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்: உறையின் அளவு. பாலமீன்மட்டு உறையும் கல்லாற்று உறையும் இரண்டு அங்குலமாகவே இருந்தால், ஒரு சங்கத்தின் மோட்டார் எரிந்துபோன நாளில் அயற்சங்கத்தின் வின்ச் ஒரு முச்சக்கர வண்டியில் வந்து சேரும். ஆளுக்கோர் அளவில் செய்துவிட்டால் பத்து வின்ச்சும் பத்து ஊர்களில் தனித்தனியே கிடந்து கறள் பிடிக்கும்.

கடைசியாக, ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்து 'ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்று எனக்கு மடல் எழுதும் அன்பர்களுக்கு. அனுப்புபவரின் பெயரைப் பெரிதாக எழுதிய படகுகள் நமது கரையில் போதியளவு இருக்கின்றன. வின்ச் அனுப்ப விரும்பினால் அதற்கு முன் உறைகளும் சங்கிலியும் தடித்த கேபிளும் இங்கேயே செய்விக்கப் பணம் அனுப்புங்கள். மேலதிகமாக ஒரு தொடுப்பு சுவிச்சும் அனுப்புங்கள். உப்புக்காற்றில் முதலில் பழுதாவது அதுதான். இரண்டு தொன் தரம் போதும், ஐந்து தொன் வேண்டாம். பெரியதை அனுப்பினால் அதற்கேற்ற பெரிய வேலையை யாராவது கண்டுபிடிப்பார்கள். கயிறு மட்டும் பதினைந்து மீற்றருக்கு மேல் ஒரு முழமும் இருக்க வேண்டாம்.